முட்டை உருளாத இடம்

நவம்பர் மூன்றாம் வாரம், அரிசோனா.
வடக்கே எங்கள் ஏரிகள் உறையத் தொடங்கிவிட்டன.
இங்கே நான் செருப்பில்லாமல் நிற்கிறேன்.
நின்றது தப்பு:
கள்ளிமுள் ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது.

போன வருஷம் விட்டுப்போன வெள்ளைக் கற்கள்
அப்படியே கிடக்கின்றன,
இல்லாத வாசலுக்கு எல்லை கட்டிக்கொண்டு.
ஒரு கல்லை மட்டும் யாரோ எடுத்து
எதையோ அடித்து
ஏழடி தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.
அதைத் தூக்கி வந்து வைத்த பிறகுதான்
வந்து சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

டெல்பர்ட் எப்போதும் முதல் ஆள்.
முப்பது வருஷம் மின்கம்பம் ஏறியவர்.
சோலார் தகடுகளைத் தெற்கே சாய்த்துவிட்டு
இன்ஜின் மூடியைத் திறந்து
உள்ளே ஒரு குட்டி விளக்கை எரிய விடுகிறார்.
பாலைவன எலிகளுக்கு வயர் என்றால் உயிர்,
வெளிச்சம் என்றால் ஆகாது.
இரவெல்லாம் வாயைத் திறந்தபடி நிற்கும் அவர் டிரக்,
பல் டாக்டர் எழுந்து டீ குடிக்கப் போன பிறகும்
மூட மறந்த பையன் போல.

தண்ணீர்க் கணக்கு மாவிஸிடம். கனடாக்காரி.
நாற்பது காலன், பத்து நாள்.
தட்டைக் காகிதத்தால் துடை,
பிறகு தெளிப்பானில் இரண்டே பீய்ச்சு.
முகம் கழுவிய தண்ணீரில் சாக்ஸ்.
சாக்ஸ் துவைத்த தண்ணீரில்,
"அதற்கு மேல் கேட்காதே" என்கிறாள்.

ஆர்வில் வந்தபோது மணி நாலரை.
தனியாக.

லுவெல்லாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
போதும் என்றுவிட்டாள், அவ்வளவுதான்.
காபியில் மணல், காதில் மணல்,
ரொட்டியைக் கடித்தால் நறநற.
டுலூத்தில் நாலாவது மாடியில்
ஹீட்டருக்கும் பூனைக்கும் நடுவே
உட்கார்ந்திருக்கிறாள்.
"நீ போய்ட்டு வா" என்றாளாம்.
அதை எங்களிடம் இரண்டு தடவை சொன்னார்,
ஒரு தடவை சிரித்து,
ஒரு தடவை தாடியைச் சொறிந்துகொண்டு.

பதினோரு வருஷமாக அவர் பின்னோக்கி ஓட்டுவார்,
அவள் பின்னால் நின்று கை காட்டுவாள்.
இன்று நான் நின்றேன்.
வலது என்றேன், இடது வந்தார்.
நில் என்றேன், வந்துகொண்டே இருந்தார்.
கிரியோசோட் புதர் ஒன்று சக்கரத்தில் நசுங்கி
மழையே இல்லாமல்
மழை வாசம்.

"அவள் முழங்கையைத் தட்டினால்தான் இடது" என்றார்,
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.
"நில் என்றால் தொப்பியைக் கழற்றுவாள்."
எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இதெல்லாம்?

சிக்னல் கிடைப்பது பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும்.
டெல்பர்ட் போனோடு ஏறினார்.
வீடியோவில் லுவெல்லா. மூக்குக் கண்ணாடி போட்டு,
வண்டியைப் பார்த்து, எங்களைப் பார்த்து,
"அந்தப் புதர் என்ன பாவம் பண்ணிச்சு?"

பிறகு நடந்தது இதுதான்:
இரண்டாயிரம் மைலுக்கு அப்பால்
அவள் முழங்கையைத் தட்டினாள்.
மேட்டில், செம்மஞ்சள் வானத்தில் நிழலாய்,
டெல்பர்ட் முழங்கையைத் தட்டினார்.
கண்ணாடியில் அதைப் பார்த்து
ஆர்வில் ஒரு முழம் இடது வந்தார்.
இன்னும் ஒரு தட்டு.
இன்னும் ஒன்று.
டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார்,
வழுக்கையில் கடைசி வெயில்.

இனி முட்டை.
மேஜையில் வைத்தோம், அடுப்பை நோக்கி ஓடியது.
இடது சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை,
இன்னொரு பலகை.
இப்போது கதவை நோக்கி, மெதுவாக.
பலகை ஒன்றை உருவிவிட்டு
மாவிஸின் காய்வெட்டும் கட்டையைச் செருகினோம்.

முட்டை அசையவில்லை.

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
ஒரு வெள்ளை முட்டை, ஒரு பிளாஸ்டிக் மேஜை,
அதைக் குனிந்து பார்க்கும் நாலு கிழடுகள்.
மேட்டிலிருந்து டெல்பர்ட் கத்தினார்:
"என்ன ஆச்சுன்னு கேக்கறா!"

இருட்டியதும் குளிர் ஒரேயடியாக இறங்கியது.
நெருப்புச் சட்டியைச் சுற்றி
முன்னால் சூடு, முதுகில் ஐஸ்.
ஆர்வில் நாற்காலியை மடிப்போடு
சாய்த்தே வைத்திருந்தார்.
"உட்காரு" என்றேன்.
"எங்கே போடணும்னு
நாளைக்கு அஞ்சு மணிக்குச் சொல்றாளாம்" என்றார்.

நின்றுகொண்டே சூப் குடித்தார்.
அந்த முட்டையைக் காலையில் பொரித்தோம்.
அதிலும் மணல்.